சதி, சதி, எல்லாம் சதி! - பார்த்தே ஆகவேண்டிய சில பிரிட்டிஷ் தொடர்கள்

"நல்ல த்ரில்லர் சீரியல் ஏதாவது இருந்தா சொல்லுடா" என்று இந்த செமஸ்டரில் மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகக் கதை சொன்னால் தொண்டை தாங்காது. அதனால் மொத்தமாக ஒரு பதிவு போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். க்ளைமாக்ஸ் எதையும் உடைக்கமாட்டேன். தைரியமாகப் படிக்கலாம் :)

நான் சொல்லப்போவது பிரிட்டிஷ் சதித் தொடர்களைப் பற்றி. சிவப்பு ஒயரை வெட்டுவதா பச்சை ஒயரை வெட்டுவதா என்று ஹீரோ வியர்க்கும் வகையறா இல்லை. இந்தத் தொடர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். எங்கோ ஒரு சின்ன சாவு. போலீஸ் அதற்கு ஒரு காரணம் சொல்லி ஃபைலை மூடப் பார்க்கும். ஒரு ஆளுக்கு மட்டும் ஏதோ உறுத்தும். அப்பாவாக இருக்கலாம், நிருபராக இருக்கலாம். அவர் ஒரு நூலைப் பிடித்து இழுப்பார். அந்த நூல் ஒரு கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து ஒரு மந்திரிக்குப் போகும், அங்கிருந்து யாருமே பேர் சொல்ல விரும்பாத ஒரு இடத்துக்குப் போகும்.

ஏன் பிரிட்டிஷ்? முதல் காரணம், சோம்பேறித்தனம். நம்ம 'கோலங்கள்' 1500 எபிசோடுக்கு மேல் ஓடியது. இவர்கள் ஆறு எபிசோடில் கடையைக் கட்டிவிடுவார்கள். சில சமயம் மூன்றே மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ராத்திரிக்குள் முடிந்தது கதை.

தமிழில் இந்த மாதிரி இல்லையா என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' இருக்கிறது. எங்கள் அம்மா தலைமுறை இன்றைக்கும் 'விடாது கருப்பு' என்றால் ஒரு மாதிரி ஆகிவிடுவார்கள். ஆனால் அங்கே மர்மத்தின் பாதி சாமி பக்கம் இருக்கும். 2022-இல் வந்த புஷ்கர்-காயத்ரியின் 'சுழல்' ஒரு சிமெண்ட் ஃபாக்டரி, ஸ்ட்ரைக், தொழிற்சங்கம் என்று நன்றாக ஆரம்பித்து, பிறகு குடும்பத்துக்குள் போய்விட்டது. (அதுவும் நல்ல தொடர்தான், அடிக்க வராதீர்கள்.) அரசாங்கம், கம்பெனி, பத்திரிகை மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைத்து விசாரிக்கும் தொடர் தமிழில் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

இரண்டாவது காரணம்தான் முக்கியமான காரணம். நான் பி.காம் படிக்கிறேன். ஆடிட்டிங் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஒரு பழைய பிரிட்டிஷ் தீர்ப்பு உண்டு. 1896, கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய் மாதிரி, மோப்ப நாய் மாதிரி இல்லை என்று நீதிபதி சொன்னார். அதாவது கண்ணில் பட்டால் குரைக்கவேண்டும், தேடிக்கொண்டு போகவேண்டிய கடமை இல்லை. பரீட்சைக்கு எழுதிவிட்டு வந்துவிடுவோம். ஆனால் இந்தத் தொடர்களைப் பார்க்கும்போதுதான் அந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. இதில் வரும் ஆட்கள் எல்லாம் மோப்ப நாய்கள். அவர்கள் துரத்துவது ஆளை இல்லை, காகிதத்தை. போன் பில், ஹோட்டல் ரசீது, கமிட்டி மினிட்ஸ், யார் யாருக்கு எந்தத் தேதியில் பணம் கொடுத்தார் என்கிற கணக்கு. வவுச்சிங் என்கிற விஷயத்தை இவ்வளவு திக் திக்கென்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1. எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ் (1985, பிபிசி, 6 எபிசோடு)

இந்த வகையறாவுக்கு இதுதான் தாத்தா. எழுதியவர் ட்ராய் கென்னடி மார்ட்டின். இயக்கியவர் மார்ட்டின் கேம்பெல். பின்னால் 'கோல்டன்ஐ', 'கேசினோ ராயல்' என்று இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்தாரே, அவரேதான்.

க்ரேவன் என்று ஒரு யார்க்‌ஷயர் போலீஸ்காரர். கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு மழையில் வீட்டு வாசலுக்கு வருகிறார். கண் முன்னாலேயே மகளைச் சுட்டுவிட்டுப் போகிறான் ஒருவன். அப்பாவுக்கு வைத்த குறி தப்பிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். க்ரேவன் மகளின் அறைக்குப் போகிறார். அங்கே அவள் சாமான்களுக்கு நடுவில் கதிரியக்கத்தை அளக்கும் ஒரு கைகர் கருவி கிடைக்கிறது. நார்த்மூர் என்கிற அணுக்கழிவு நிலையத்துக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அங்கிருந்து கதை.

பாப் பெக் என்கிற நடிகர் க்ரேவனாக வாழ்ந்திருக்கிறார். அழுகாச்சி வசனம் ஒன்றுகூட இல்லை. ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துவிட்டு களைத்துப்போய் வந்த அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பெத்த பொண்ணு செத்துக் கெடக்குது, இந்தாளு வாயே தொறக்க மாட்றான்?" என்று கேட்டார். ஆனால் எழுந்து போகவில்லை. எபிசோடு முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். பின்னணி இசை எரிக் க்ளாப்டனும் மைக்கேல் கேமனும். அந்த கிதார் இரண்டு நாள் காதை விட்டுப் போகாது.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு ஸ்பெஷல்: கதையின் நடுவில் ஓடுவது ஒரு டேக் ஓவர். நார்த்மூரை வைத்திருக்கும் பிரிட்டிஷ் கம்பெனியை ஒரு அமெரிக்கக் கம்பெனி வாங்கப் பார்க்கிறது. பாராளுமன்றக் கமிட்டி விசாரணை நடக்கிறது. அந்த விசாரணைக் காட்சியில் எல்லா உண்மையும் மைக் முன்னால் வருகிறது. வந்த பிறகு என்ன ஆகிறது என்று கவனியுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

க்ளைமாக்சில் ஹீரோ மரமாக மாறிவிடுவதாக எழுத்தாளர் முதலில் எழுதியிருந்தாராம். படக்குழு மறுத்துவிட்டது. நல்லவேளை! 2010-இல் இதே இயக்குநர் மெல் கிப்ஸனை வைத்து ஹாலிவுட்டில் இதைப் படமாகவும் எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்வது 1985 தொடரை.

இன்னொரு சுவாரசியம். இந்தத் தொடர் நவம்பரில் ஒளிபரப்பானது. அதே 1985 ஆகஸ்டில்தான் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தது. பிபிசியில் வேலைக்கு எடுக்கும் ஆட்களை எம்.ஐ.5 உளவுத்துறை ரகசியமாகச் சலித்துக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குரிய ஆட்களின் ஃபைலில் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி ஒரு பச்சை முத்திரை. சதித் தொடரை ஒளிபரப்பிய நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சதி, அதுவும் ரப்பர் ஸ்டாம்ப் வடிவத்தில். நிஜமான சதி எப்போதும் இப்படித்தான் ஆபீஸ் நேரத்தில் நடக்கிறது.

2. ஸ்டேட் ஆஃப் ப்ளே (2003, பிபிசி, 6 எபிசோடு)

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். எழுதியவர் பால் அபட். இயக்கியவர் டேவிட் யேட்ஸ், பின்னால் ஹாரி பாட்டர் கடைசி நான்கு படங்களை எடுத்தவர்.

லண்டனில் ஒரே நாளில் இரண்டு சாவு. தெருவில் ஒரு பையன் சுடப்படுகிறான். ஒரு எம்.பி.யிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்த பெண் சுரங்க ரயிலில் விழுந்து இறக்கிறாள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் தோன்றும். கால் மெக்காஃப்ரி என்கிற நிருபர் இரண்டையும் சேர்க்கும் ஒரு சின்ன நூலைக் கண்டுபிடிக்கிறார். சிக்கல் என்னவென்றால் அந்த எம்.பி. அவருடைய பழைய நண்பர்.

பத்திரிகை ஆபீஸ் என்றால் எப்படி இருக்கும் என்று இதில் பார்க்கவேண்டும். எடிட்டராக வரும் பில் நை பேசுகிற ஒவ்வொரு வரியும் அல்வா. முதலாளி பக்கத்திலிருந்து நெருக்கடி, போலீஸ் பக்கத்திலிருந்து நெருக்கடி, வக்கீல் "இதைப் போடமுடியாது" என்கிறார், போட்டிப் பத்திரிகை மோப்பம் பிடித்துவிட்டது. ஒரு செய்தி அச்சுக்குப் போவதற்கு முன்னால் எத்தனை தடவை சரிபார்க்கப்படுகிறது என்பதுதான் நிஜமான சஸ்பென்ஸ். 'கேள்விப்பட்டேன்' என்பதற்கும் 'என்னிடம் ஆதாரம் இருக்கிறது' என்பதற்கும் நடுவில் ஆறு எபிசோடு தூரம் இருக்கிறது. இதையும் 2009-இல் ரஸ்ஸல் க்ரோவை வைத்து ஹாலிவுட்காரர்கள் இரண்டு மணி நேரமாகச் சுருக்கினார்கள். பரவாயில்லை ரகம்.

3. எ வெரி பிரிட்டிஷ் கூ (1988, சேனல் 4, 3 எபிசோடு)

'கூ' என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு. ஷெஃபீல்டில் இரும்பாலைத் தொழிலாளியாக இருந்த ஹாரி பெர்கின்ஸ் என்பவர் தேர்தலில் ஜெயித்துப் பிரதமர் ஆகிவிடுகிறார். அமெரிக்க ராணுவத் தளங்களை மூடுவேன், அணு ஆயுதம் வேண்டாம் என்கிறார். மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். ஆனால் உளவுத்துறைக்கும் பத்திரிகை முதலாளிக்கும் அதிகாரிகளுக்கும் பிடிக்கவில்லை. ராணுவ டாங்கி எதுவும் தெருவுக்கு வராமல், டீ குடித்துக்கொண்டே ஒரு அரசாங்கத்தை எப்படிக் கவிழ்ப்பது? மூன்று எபிசோடில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மூல நாவலை 1982-இல் எழுதியவர் கிறிஸ் மல்லின். சும்மா கற்பனை ஆசாமி இல்லை. 1975-இல் ஐ.ஆர்.ஏ. குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்ட 'பர்மிங்காம் ஆறு பேர்' நிரபராதிகள் என்று வருடக்கணக்கில் தோண்டித் தோண்டி எழுதியவர். 16 வருடம் கழித்து 1991-இல் அவர்கள் விடுதலை ஆனார்கள். மூடி மறைப்பது எப்படி நடக்கும் என்று அந்த மனிதருக்கு நிஜமாகவே தெரியும்.

இதே நாவலை வைத்து 2012-இல் 'சீக்ரெட் ஸ்டேட்' என்று நான்கு எபிசோடு தொடர் ஒன்று வந்தது. கதையை ரொம்பவே மாற்றிவிட்டார்கள். ஒரு ரசாயனத் தொழிற்சாலை வெடித்து, பக்கத்துக் குடியிருப்பு நாசமாவதில் ஆரம்பிக்கிறது. முதல் தொடர் அளவுக்கு இல்லை. ஆனாலும் தொழிற்சாலைப் புகையில் வளர்ந்த நம்மாட்களுக்கு முதல் எபிசோடு நெஞ்சில் குத்தும்.

4. யுடோபியா (2013-14, சேனல் 4, இரண்டு சீசன்)

எழுதியவர் டென்னிஸ் கெல்லி. ஒரு காமிக்ஸ் கையெழுத்துப் பிரதி. அதைத் தேடி ஒரு ரகசியக் கும்பல். மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும் ஒளிப்பதிவு. ஒரு தொற்றுநோய், ஒரு தடுப்பூசி, அதற்குப் பின்னால் ஒரு திட்டம். பயங்கர ரத்தம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்திலேயே விடாதீர்கள்.

தொடர் பிரமாதம். ஆனால் இதைச் சிபாரிசு செய்யும்போது எனக்குக் கொஞ்சம் கை நடுங்கும். காரணம் சொல்கிறேன்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அங்கே போனார். அடுத்த நாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி இறந்துவிட்டார். ஊரே அழுதது. அன்றைக்கு சாயங்காலத்துக்குள் வாட்ஸப்பில் சதிக்கதை முழுசாக ரெடி. மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து அந்த வருடமே அறிக்கை கொடுத்தது. அறிக்கை நடந்து வந்தது, வதந்தி ஓடி வந்தது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில். எங்கள் ஆயாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. "எல்லாரும் சேர்ந்து மறைக்கிறாங்கடா கண்ணு, எனக்கு வேணாம்" என்று ஒரே பிடியாக நின்றார். இரண்டாம் அலை ஊரைப் புரட்டிப் போட்ட நேரம். தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு சாவு. அப்பா கெஞ்சினார், அத்தை சண்டை போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தனக்குப் போட்ட ஊசியின் தேதியையும் தன் மாமியாருக்குப் போட்ட தேதியையும் சொல்லி, முக்கால் மணி நேரம் பேசின பிறகுதான் ஆயா சம்மதித்தார்.

அப்போதுதான் யோசித்தேன். 'எல்லாரும் சேர்ந்து மறைக்கிறாங்க' என்பதுதானே நான் விரும்பிப் பார்க்கிற தொடர்களின் கதையும்? அப்புறம் ஆயாவை எப்படிக் குறை சொல்வது?

வித்தியாசம் இருக்கிறது. நல்ல சதித் தொடரில் ஹீரோ ஒவ்வொரு படியிலும் 'யார் கையெழுத்துப் போட்டது? பணம் எங்கிருந்து எங்கே போனது? இது யாருக்கு எந்தத் தேதியில் தெரியும்?' என்று கேட்கிறான். பதில் தப்பாகப் போனால் தன் சந்தேகத்தையே மாற்றிக்கொள்கிறான். வாட்ஸப் சதிக்கு இந்த மூன்று கேள்வியும் கிடையாது. அங்கே முடிவு முதலில் வரும், ஆதாரம் வரவே வராது. அதற்குக் கையெழுத்துப் போட ஆளே இல்லை. தொடரைப் பார்த்துப் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நாம் வதந்தி பரப்புகிறவர்கள் ஆகிவிடுவோம். கேள்வியை எடுத்துக்கொண்டால்தான் ஆடிட்டர்.

சரி, இந்த மூன்று கேள்வியையும் நம் ஊரில் கேட்டுப் பார்ப்போமா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. (2019-இல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழக்க தோஷத்தில் நாங்கள் இன்னும் வேலூர் என்றுதான் சொல்கிறோம்.) ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துத் தோல் பதனிட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பு வந்த பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. கழிவு பாலாற்றுக்கும் நிலத்தடிக்கும் போனது. எங்கள் தாத்தா காலத்துக் கிணறு இன்றைக்கும் இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. வாயில் வைக்கமுடியாது. தென்னை மட்டும் கடமைக்கு நிற்கிறது. குடிக்க கேன் தண்ணீர்.

எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ் பார்த்த வேகத்தில், இதற்குப் பின்னாலும் ஒரு பெரிய ரகசியம் இருக்கும், தோண்டுவோம் என்று நினைத்துத் தேட ஆரம்பித்தேன். ரகசியமே இல்லை என்பதுதான் அதிர்ச்சி. எல்லாம் அச்சில் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991-இல். தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. தோல் பட்டறைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்பதைத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அழுத்திச் சொன்ன தீர்ப்பு இது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

பிறகு? பாதிப்பைக் கணக்கெடுக்க ஆணையம் வந்தது. 2001-இல் 29 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்குச் சொன்னது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணற்றின் விலை! ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை ஒன்று ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுவிட்டுப் போனது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்லவேண்டி வந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருடம்.

தோல் தொழில்தான் எங்கள் வீட்டு அடுப்பு. அம்மா சம்பளத்தில்தான் என் செமஸ்டர் ஃபீஸ். மூடிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது வேறு. சதித் தொடர்கள் நமக்கு ஒரு ஆறுதலைக் கொடுக்கின்றன: உண்மை ஒளிந்திருக்கிறது, அது வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று. பாலாற்றில் உண்மை 1996-லேயே வெளியே வந்துவிட்டது. தெரியாததால் நடந்த தப்பு அல்ல, தெரிந்த பிறகும் நடந்துகொண்டிருக்கிற தப்பு. எட்ஜ் ஆஃப் டார்க்னெஸில் அந்தக் கமிட்டிக் காட்சியைக் கவனியுங்கள் என்றேனே, அது இதற்காகத்தான். எல்லாம் சொல்லியாகிவிட்டது, எல்லோரும் கேட்டாகிவிட்டது, பிறகு கார் ஏறிப் போய்விடுகிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட தொடர்தான் என் லிஸ்டில் கடைசி.

5. மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ் (2024, ஐடிவி, 4 எபிசோடு)

துப்பாக்கி இல்லை, உளவாளி இல்லை. இது த்ரில்லரே இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு மற்ற நாலையும்விட இதுதான் பயமாக இருந்தது. முழுக்க நிஜம் வேறு.

பிரிட்டனில் கிராமத்து மளிகைக் கடையோடு சேர்த்துத் தபால் கவுண்டர் நடத்துகிறவர்கள் உண்டு. 1999 முதல் அவர்களுக்கு 'ஹொரைசன்' என்கிற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜிட்சு கொடுத்தது. ராத்திரி கணக்கு முடித்தால் பணம் குறைகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். குறைந்தால் நீதான் கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டால் "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்பார்கள். ஜோ ஹாமில்டன் என்கிற அம்மா ஹெல்ப்லைன் சொன்னபடி பட்டனை அழுத்த, கண் முன்னாலேயே துண்டு இரண்டு மடங்காகும். அந்தக் காட்சியில் எனக்கு வேர்த்துவிட்டது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் நாம் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். அங்கே ஆளையே உள்ளே போட்டார்கள்!

1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். நம் நாட்டு வம்சாவளியினர் நிறைய. சீமா மிஸ்ரா என்கிற பெண் 2010-இல் கர்ப்பமாக இருந்தபோதே ஜெயிலுக்கு அனுப்பப்பட்டார். அவர்மேல் இருந்த தீர்ப்பு ரத்தானது 2021-இல். குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது விசாரணை ஆணையத்தின் 2025 ஜூலை அறிக்கை.

'கம்ப்யூட்டர் வீக்லி' என்கிற பத்திரிகை 2009-லேயே இதை எழுதிவிட்டது. ஆலன் பேட்ஸும் கூட்டாளிகளும், மொத்தம் 555 பேர், 2019-இல் ஹைகோர்ட்டில் ஜெயித்துவிட்டார்கள். கிடைத்த 57.75 மில்லியன் பவுண்டில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. அதாவது உண்மை வெளியே வந்தாகிவிட்டது, கோர்ட்டும் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் பெரும்பாலானோர்மேல் தண்டனை அப்படியே இருந்தது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் நாலு ராத்திரி இந்தத் தொடர் ஓடியது. மே மாதத்துக்குள் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யப் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அத்தனை வருஷமாகச் செய்தியாக இருந்தது, டிவியில் முகமாக வந்ததும் அசைந்தது.

காவல் நாய், மோப்ப நாய் கதைக்கு வருகிறேன். இங்கே காவல் நாய் குரைத்தது, ஆனால் வீட்டுக்காரனைப் பார்த்து. மோப்ப நாயாக மாறியது வட வேல்ஸில் தபால் கவுண்டர் நடத்திய ஒரு மனுஷன். அவர் செய்ததில் சினிமாத்தனம் எதுவும் இல்லை. தனக்குப் புரியாத கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தார். ஒவ்வொரு கடிதத்தையும் ஃபைல் பண்ணினார். மற்றவர்களைத் தேடிப் பிடித்து ஒரு கிராமத்து ஹாலில் உட்கார வைத்தார். இருபது வருடம் விடவில்லை. அவ்வளவுதான். அதுதான் நமக்கும் வேலை என்று தோன்றுகிறது. புதிதாக ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிப்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்ததை மறக்கவிடாமல் வைத்திருப்பது கஷ்டம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் ஸ்டேட் ஆஃப் ப்ளே. வேகமாகப் போகும், பழக்கம் பிடித்துவிடும். அடுத்து மிஸ்டர் பேட்ஸ். பிறகு எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ். முதல் எபிசோடு மெதுவாகத்தான் போகும், பொறுமை தேவை. அப்புறம் எ வெரி பிரிட்டிஷ் கூ. யுடோபியா கடைசியில், அதுவும் மனசு திடமாக இருக்கும்போது. சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். யார்க்‌ஷயர் இங்கிலீஷ் நம் செமினாரில் கேட்கும் இங்கிலீஷ் இல்லை.

பார்த்துவிட்டு யார்மேல் முதலில் சந்தேகப்பட்டீர்கள் என்று சொல்லுங்கள். க்ளைமாக்சை மட்டும் பொதுவில் போட்டு உடைக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

டிஸ்கி: எந்தத் தொடர் எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், மாதத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கிறது. பேரை அடித்துத் தேடிப் பாருங்கள். என் பென் டிரைவை யாரோ வாங்கிப் போய் ரெண்டு மாசம் ஆகிறது. அதற்குப் பின்னால் என்ன சதி என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது :)